பேராவூரணியிலிருந்து தரங்கம்பாடிக்கு: ஒரு சனி, ஒரு ஞாயிறு

டெல்டாக்காரர்கள் பெரும்பாலோர் தரங்கம்பாடியைப் பார்த்திருப்பார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து பந்தியும் ஆன பிறகு, வேன் ஊர் திரும்புமுன் அரை மணி நேரம் கோட்டைப் பக்கம் போயிருப்பார்கள். திருநள்ளாறு, வேளாங்கண்ணி என்று கிளம்பியவர்கள் வழியில் இறங்கி அலையில் கால் நனைத்து, கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். கேட்டால், "பார்த்தாச்சு, ஒரு கோட்டை இருக்கு" என்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தில் கோட்டையைப் பார்க்கலாம். ஊரைப் பார்க்க முடியாது. காவிரிப் படுகையின் கிழக்கு ஓரத்தில், 225 ஆண்டுகள் டென்மார்க் அரசின் கீழ் இருந்த ஒரு சிற்றூர், மதில் வாசலும் தெருக்களும் தேவாலயங்களுமாக இன்னும் நிற்கிறது. ஐரோப்பாவின் சிறு பழைய நகரங்களுக்கு அங்குள்ள மக்கள் வார இறுதியில் போய் இளைப்பாறி வருவதுபோல, பேராவூரணியிலிருந்து சனிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்பக்கூடிய ஊர் அது. அங்கே ஓர் இரவு தங்க வேண்டும். ஏன், எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

சிறிய பழைய நகரம் ஏன் இளைப்பாற்றுகிறது?

பெல்ஜியத்தில் புரூஜ், ஜெர்மனியில் பாம்பெர்க், டென்மார்க்கில் ரீபெ. இவை தலைநகரங்கள் அல்ல. ஆனாலும் வெள்ளி மாலையோ சனி காலையோ அங்கே மக்கள் வந்து இறங்குகிறார்கள். காரணம் எளிது. மோட்டார் வண்டி வருவதற்கு முன், மனிதர் நடந்து போகும் தூரத்தைக் கணக்கில் வைத்துக் கட்டிய ஊர்கள் அவை. மதிலுக்குள் எல்லாம் அடங்கிவிடும். வழி தவறினாலும் நாலு எட்டு நடந்தால் தெரிந்த தெரு வந்துவிடும். பட்டியல் போட்டு ஓட வேண்டியதில்லை. வெளியூர்க் கூட்டம் வடிந்த மாலையிலும், கடைகள் திறப்பதற்கு முன்னான காலையிலும்தான் அந்த நகரங்கள் தம் முகத்தைக் காட்டும். அதற்காகத்தான் அங்கே இரவு தங்குகிறார்கள்.

தரங்கம்பாடியும் அதே அளவில் கட்டப்பட்டது. மேற்கே நகர வாசல், கிழக்கே கோட்டையும் கடலும். இடையில் நேராக ஓடும் ராஜா தெரு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் போதும்.

நம் பக்கத்தில் பயணம் என்றால் ஒரு காரியம் இருக்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, நேர்த்திக்கடன், துக்கம். காரியமில்லாமல் ஊருக்குப் போவது வீண் செலவு என்று வளர்ந்தவர்கள் நாம். தென்னந்தோப்பும் கடையும் பள்ளிக்கூடமும் வாரம் முழுக்க நம்மைப் பிடித்து வைத்திருக்கின்றன; மீதி ஞாயிறுகளைக் கல்யாணப் பத்திரிகைகள் எடுத்துக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையாவது கணவனும் மனைவியும் பிள்ளைகளும் எந்த விசேஷமும் இல்லாமல் ஓரிடத்தில் சும்மா இருந்துவிட்டு வருவது தேவையான காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

டேனியர் இங்கே வந்த கதை

டேனியர் முதலில் குறிவைத்தது இலங்கையை. 1618இல் கோபன்ஹேகனிலிருந்து ஓவே யெட்டே என்ற கடற்படைத் தலைவரின் கீழ் கப்பல்கள் கிளம்பின. இலங்கையில் நினைத்த காரியம் கைகூடவில்லை. முன்னதாக வந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பல் காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர் தாக்குதலில் சிக்கியது. தப்பிக் கரையேறிய கிராப்பே, தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் இரகுநாத நாயக்கர். நாகப்பட்டினத்தில் ஏற்கெனவே போர்ச்சுகீசியர் இருந்தார்கள்; இன்னொரு ஐரோப்பிய வணிகர் கூட்டம் வந்தால் தஞ்சாவூருக்கு நல்லதுதான். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ள டேனியருக்கு உரிமை கிடைத்தது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு நாயக்கர் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அதன் பிறகு நடந்தது விசித்திரம். டென்மார்க் தன் சொந்தப் போர்களில் சிக்கிக்கொண்டது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு அங்கிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தும் விலகியும் போய், கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனியர் மிஞ்சினார். உள்ளூர் மக்களை வைத்துக்கொண்டு அவர் கோட்டையைக் காத்தார். 1669இல்தான் அடுத்த கப்பல் வந்தது.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு டென்மார்க் விற்றுவிட்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் நாகப்பட்டினம் துறைமுகத்துக்குப் போனது. தரங்கம்பாடி துறைமுகம் தூங்கிப்போனது. வணிகம் கைவிட்டதால்தான் இடித்துப் பெரிதாகக் கட்டும் தேவை அங்கே எழவில்லை. பழைய தெருக்கள் அதனால் தப்பின.

வழியிலேயே தொடங்கலாம்: மனோரா

பேராவூரணிக்காரருக்கு ஒரு வசதி உண்டு. ஐரோப்பாவின் வரலாறு வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறது. சேதுபாவாசத்திரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி மல்லிப்பட்டினம் நோக்கிப் போனால், சரபேந்திரராஜன்பட்டினத்தில் மனோரா நிற்கிறது. ஆறு பக்கம், எட்டு நிலை, சுமார் 75 அடி உயரம், சுற்றிலும் அகழியும் மதிலும். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814இல் தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பியது. அதைச் சொல்லும் கல்வெட்டுகள் பல மொழிகளில் உள்ளன.

நெப்போலியனுக்கும் நம் மல்லிப்பட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதிலில் ஒரு துயரமும் உண்டு. சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டுமே அவர் கையில் மிஞ்சின. தன் நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்கு அவர் கோபுரம் கட்டினார்.

இதே போரின் மறுமுனை தரங்கம்பாடியில் இருக்கிறது. டென்மார்க் நெப்போலியன் பக்கம் சேர்ந்ததால், 1808இல் ஆங்கிலேயர் தரங்கம்பாடியைக் கைப்பற்றி 1815 வரை வைத்திருந்தார்கள். மனோராவில் கட்டட வேலை நடந்தபோது தரங்கம்பாடிக் கோட்டையில் ஆங்கிலேயர் இருந்தார்கள். இன்னொரு இழையும் இரண்டையும் சேர்க்கிறது. சிறுவன் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்து கல்வி தந்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார். அவர் 1750இல் இந்தியாவில் பணியைத் தொடங்கிய இடம் தரங்கம்பாடிதான். அதனால் பயணத்தை மனோராவில் தொடங்குங்கள். அரை மணி நேரம் போதும்.

போகும் வழி

சொந்த வண்டி என்றால் கடற்கரைச் சாலைதான் சரி. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி. நிறுத்தாமல் போனால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இந்தச் சாலையின் கடைசி நாற்பது கிலோமீட்டருக்குள் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் சுவடுகள் உள்ளன. நாகப்பட்டினம் போர்ச்சுகீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் கைக்கும், 1781இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரருடையது. அதற்கு வடக்கே டேனியரின் தரங்கம்பாடி.

கோடியக்கரை முனையைத் தாண்டியதும் கடலின் குணமும் மாறிவிடும். மனோராவில் நீங்கள் பார்த்தது பாக் நீரிணைக் கடல். குளம்போல் கிடக்கும், சேறும் கடற்புல்லும் நிறைந்தது. தரங்கம்பாடியில் வங்காள விரிகுடா நேராக வந்து அடிக்கும். சேதுபாவாசத்திரத்துக் கடலைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்த அலைச் சத்தமே புதிது.

பேருந்தில் போகிறவர்கள் பட்டுக்கோட்டையில் மாறி நாகப்பட்டினமோ திருவாரூரோ போய், அங்கிருந்து காரைக்கால் வழியாகச் செல்லலாம். காரைக்காலிலிருந்து பொறையாறு பக்கம் போகும் பேருந்துகள் தரங்கம்பாடி நிறுத்தத்தில் நிற்கும். காரைக்குடி–திருவாரூர் அகலப்பாதையில் பேராவூரணியிலிருந்து ரயிலிலும் திருவாரூர் வரை போகலாம். ரயில்கள் குறைவு என்பதால் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஒரு காலத்தில் ஓடிய ரயில் இப்போது இல்லை.

வழியில் வேளாங்கண்ணி, நாகூர் எல்லாம் வரும். இந்த முறை அவற்றை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் இது மறுபடியும் வேன் பயணமாகிவிடும்.

சனிக்கிழமை மாலை

மதியச் சாப்பாட்டை வழியில் முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் போய்ச் சேருவது நல்லது. வண்டியைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு நகர வாசலிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய இந்த வாசல் 1792இல் கட்டியது. டென்மார்க் அரச முத்திரை மேலே இருக்கும். அதைத் தாண்டினால் ராஜா தெரு. தூண்கள் வைத்த முகப்புகள், ஓட்டுத் தாழ்வாரங்கள். ஐரோப்பிய வீடு என்று நினைத்து நெருங்கினால் திண்ணை இருக்கும். கொத்தனாரும் தச்சரும் நம்மவர்கள். வெயிலும் மழையும் நம்முடையவை. இரண்டு கட்டடக் கலைகளும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பதைப் பார்ப்பதற்கு இந்தத் தெருவைவிட நல்ல இடம் கிடைப்பது கடினம்.

தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701இல் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. அதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரை இருக்கும். அதைக் கட்டிய சீகன்பால்க் பாதிரியார் அடுத்த ஆண்டே காலமாகி, அதற்குள்ளேயே அடக்கமானார்.

நான்கு மணிக்குள் கோட்டைக்குள் போய்விடுங்கள்; அருங்காட்சியகம் மாலையில் மூடிவிடும். கீழ்த்தளம் கிடங்கும் சிறையும்; மேல்தளத்தில் அதிகாரிகள் இருந்தார்கள். கோட்டைச் சிறையில் சீகன்பால்க்கே நான்கு மாதம் இருந்திருக்கிறார். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். பிடித்து அடைத்தவர் அதே அரசரின் கோட்டைத் தளபதி. வணிகர்களுக்கும் பாதிரிகளுக்கும் இடையே அப்படி ஒரு பகை இருந்தது. மேல்தளத்திலிருந்து கடலைப் பாருங்கள். வடக்கே கரையோரம் தெரிவது மாசிலாமணிநாதர் கோயில். 1306 வாக்கில் பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில் கட்டியது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இங்கே துறைமுகமும் வணிகரும் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதன் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மீதியைக் கல் போட்டுக் காக்கிறார்கள்.

இரவு

ஆறரை மணிக்கு மேல் வேன்கள் எல்லாம் கிளம்பிவிடும். கோட்டை முன்னுள்ள மைதானத்தில் உள்ளூர்க் குடும்பங்களும் பந்து விளையாடும் பையன்களும் மட்டும் இருப்பார்கள். நீங்கள் தங்கியதற்கான பலன் இப்போதுதான் கிடைக்கிறது. இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. உட்காருங்கள். காற்று வரும். பிள்ளைகள் ஓடட்டும். கைப்பேசியை அறையில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கடலைப் பார்த்த பழைய பங்களாக்கள் சில விடுதிகளாகியுள்ளன, வாடகை கூடுதல்தான். சனி, ஞாயிறுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். செலவு கட்டுப்படாது என்றால் காரைக்காலில் சாதாரண விடுதிகள் கிடைக்கும். அப்படியானால் இருட்டிய பிறகு ஒரு மணி நேரமாவது தரங்கம்பாடியில் இருந்துவிட்டு, மறுநாள் விடியுமுன் திரும்பி வந்துவிடுங்கள். ஊருக்குள் பெரிய உணவகங்கள் கிடையாது. இரவுச் சாப்பாடு எங்கே என்பதைப் பகலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மருந்துக்கடை, கடைவீதி எல்லாவற்றுக்கும் பக்கத்திலேயே பொறையாறு இருக்கிறது.

ஞாயிறு காலை

சூரியன் கடலிலிருந்து எழும் கரை இது. ஐந்தரைக்கு எழுந்தால் போதும். மீனவர் குப்பத்துப் பக்கம் கட்டுமரமும் ஃபைபர் படகும் வந்து சேரும் நேரம். அது அவர்கள் வேலை நேரம். வழியை மறிக்காமல் தள்ளி நின்று பாருங்கள். படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையைத் தாக்கியது. இங்கே பல வீடுகளில் அன்று இழந்தவர்களின் படம் மாட்டியிருக்கிறது.

காலைப் பலகாரம் முடிந்ததும் சீகன்பால்க் வாழ்ந்த வீட்டுக்குப் போகலாம், இப்போது அருங்காட்சியகம். தமிழ் படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை பார்க்க வேண்டிய இடம். ஜெர்மனியில் பிறந்த சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று இந்தக் கரையில் இறங்கினார். அப்போது வயது 23. சிறுவர்களோடு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து 1708இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினார். பிறகு அச்சுப்பொறி வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். 1714–15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கே அச்சானது. காகிதத் தட்டுப்பாடு வந்தபோது பொறையாறில் காகித ஆலையே தொடங்கினார்கள்.

தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இது அல்ல. 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி தொடரவில்லை. தரங்கம்பாடியில்தான் அச்சு நிலைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைவரை புத்தகம் போனது. நம் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713இல் எழுதிய நூல் இன்னும் கவனத்துக்குரியது. மதம் மாற்ற வந்தவர்தான். ஆனாலும் எழுதுமுன் இங்குள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அது ஐரோப்பாவில் பிடிக்காமல் போய், 1867 வரை அச்சேறவே இல்லை.

பத்தரை, பதினொன்றுக்குள் கிளம்பிவிடுங்கள். திரும்பும்போது உள்வழி: காரைக்கால், திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை. வரும்போது கடல், போகும்போது வயல். மாலைக்குள் வீடு வந்துவிடலாம், திங்கள் காலைக்கு உடம்பும் தயார்.

எப்போது போகலாம், எதில் கவனம் வேண்டும்

தை, மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. தையில் போனால் திரும்பும் வழியெங்கும் சம்பா அறுவடை; சாலையில் நெல் காயும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் இந்தக் கரைக்கு வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்ததை மறந்தவர் இல்லை. வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் அறைக்குள் இருந்துவிடுவது நல்லது.

கடலில் குளிக்க வேண்டாம். அலை வலிது, அடிநீரோட்டம் இழுக்கும், கரையோரம் பாறைக் கற்கள் கிடக்கின்றன. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். தேவாலயங்களில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும். சுற்றிப் பார்ப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குவது ஊருக்கும் நல்லது

பழைய வீடு தானாக நிற்பதில்லை. சுண்ணாம்புக் காரை பெயர்ந்தால் அதே காரையைக் கொண்டு பூச வேண்டும்; ஓடு உடைந்தால் பழைய ஓடு தேட வேண்டும்; தேக்கு விட்டத்தைக் கறையான் தொடாமல் காக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும், வேலை தெரிந்த ஆள் வேண்டும். சுனாமிக்குப் பிறகு இன்டாக் போன்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகளும் டென்மார்க்கிலிருந்து வந்த உதவியும் பல கட்டடங்களை நிமிர்த்தின. ஆனால் உதவி என்றும் வந்துகொண்டிருக்காது. வீட்டுக்காரருக்கு அந்த வீட்டால் வருமானம் இருந்தால்தான் அதை இடித்து கான்கிரீட் போடும் எண்ணம் தள்ளிப்போகும்.

அரை மணி நேரம் வந்துபோகிறவரால் ஊருக்குக் கிடைப்பது தண்ணீர் பாட்டில் குப்பைதான். ஓர் இரவு தங்குகிறவர் அறைக்கு வாடகை தருகிறார், இட்லிக் கடையில் சாப்பிடுகிறார், மீன் வாங்குகிறார், ஆட்டோவில் ஏறுகிறார். அந்தக் காசில் ஒரு பங்கு ஏதோ ஒரு சுவருக்குச் சுண்ணாம்பாகப் போகிறது. ஐரோப்பாவின் சிறு நகரங்கள் இன்றுவரை பிழைத்திருப்பதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு. நாயக்கர் நிலத்தில், நம் கொத்தனார்கள் கட்டி, நம் மொழியில் அச்சடித்த ஊர் தரங்கம்பாடி. அதைக் காக்கும் பொறுப்பில் கோபன்ஹேகனைவிட நமக்கே பங்கு அதிகம். அந்தப் பொறுப்பை இளைப்பாறிக்கொண்டே நிறைவேற்றலாம் என்பது நமக்குக் கிடைத்த வசதி.